மீன் டேங்க்ல வழவழன்னு பச்சைப் போர்வை படருதா? அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஏப்ரல் பாதி தாண்டினா போதும், தெரிஞ்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு ஒவ்வொருத்தரா போட்டோ அனுப்ப ஆரம்பிச்சிடுவாங்க. எல்லா போட்டோலயும் அதே காட்சிதான். கல்லு மேல, செடி மேல, ஃபில்டர் பைப் மேல கரும்பச்சையா ஒரு ஷீட், கை வெச்சா தோசை மாதிரி அப்படியே உரிஞ்சு வருது, வழிச்சுப் போட்டுட்டு சந்தோஷமா தூங்கினா நாலே நாள்ல திரும்ப அதே இடத்துல இருக்கு. நான் வில்லிவாக்கத்துல இருக்கேன், கொளத்தூர் கலர் மீன் கடைங்க பக்கத்துலயே, 12 வருஷமா டேங்க் வெச்சிருக்கேன். இந்த ஒரு தொல்லையால ஒரு டேங்க் மீனையே இழந்தவன், அதைக் கீழ சொல்றேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன், பொறுமையா படிங்க.

இது பாசிதானே? பாசி மருந்து ஊத்தினா போயிடாதா?

இது பாசியே இல்ல, இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. இதுக்குப் பேர் சயனோபாக்டீரியா. பேர்லயே இருக்கு பாருங்க, பாக்டீரியா. பழைய ஸ்கூல் புக்ல நீலப்பச்சைப் பாசின்னு படிச்சிருப்பீங்க, பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. பாசியோட செல்லுக்குள்ள உட்கருன்னு ஒண்ணு இருக்கும், இதுக்கு அது கிடையாது. ஆனா செடி மாதிரியே வெளிச்சத்துல தனக்கு வேண்டிய சாப்பாட்டை தானே செஞ்சுக்கும், ஆக்சிஜனும் விடும். சாதாரண ஆளும் இல்ல, பூமியோட காத்துல ஆக்சிஜன் சேர ஆரம்பிச்சது கிட்டத்தட்ட 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி, அதைச் செஞ்சதே இதோட முன்னோர்ங்கதான். அவ்ளோ காலம் தாக்குப்பிடிச்ச ஜீவனை ஒரு மூடி மருந்துல ஒழிச்சிடலாம்னு நினைக்காதீங்க.

ஊர்ல நெல்லு போடற வீட்ல இருந்து வந்தவங்களுக்கு இதைச் சொன்னா சட்டுனு புரியும். வயல் தண்ணில மிதக்கற அசோலா செடி விடுவாங்க இல்ல, அந்த அசோலா இலைக்குள்ள குடியிருக்கறது அனபீனான்னு ஒரு சயனோபாக்டீரியா, காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு பயிருக்கு உரமா மாத்திக் குடுக்கறது அதுதான். நீலப்பச்சைப் பாசியையே தனியா வளர்த்து உயிர் உரமா வயல்ல போடறதும் உண்டு. வயல்ல நமக்கு நல்லது பண்ற அதே குணம்தான் டேங்க்ல தலைவலி. எல்லா வகையும் இல்லைன்னாலும் சில வகைங்க தண்ணில உரமே இல்லைன்னாலும் காத்துல இருந்து எடுத்துக்கும், செடி பட்டினி கிடக்கும்போது இது மட்டும் கொழுக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

நம்ம மீன் தீனி டப்பால ஸ்பைருலினான்னு போட்டிருக்கும் பாருங்க, அதுவும் இந்த குடும்பம்தான்.

இது அதுதான்னு எப்படி உறுதி பண்றது?

தொட்டுப் பாருங்க, அதைவிட நல்ல டெஸ்ட் இல்ல. நிஜ பாசி கல்லை, இலையைப் பிடிச்சுக்கும், தேய்ச்சாதான் வரும், இல்லைன்னா நூல் நூலா வரும். இது எதையும் இறுக்கமா பிடிக்காது, மேல போர்த்தின மாதிரி கிடக்கும், விரலால ஒதுக்கினாலே ஜவ்வு மாதிரி மொத்தமா வரும். கலர் பெரும்பாலும் நீலம் கலந்த கரும்பச்சை, சில சமயம் கருப்பு, சிகப்பு கலந்த பிரவுன் கூட வரும். கடல் மீன் டேங்க் வெச்சிருக்கறவங்க பாக்கற சிகப்பு வழவழப்பும் இதேதான். மத்தியானத்துக்கு மேல பாத்தீங்கன்னா ஷீட்டுக்கு அடியில குட்டிக் குட்டி காத்துக் குமிழ் மாட்டிட்டு இருக்கும், அது இதுவே விட்ட ஆக்சிஜன்.

அடுத்தது வாசனை. மூடியைத் திறந்தா தேங்கின குளத்து வாடை அடிக்கும். பல வகை சயனோபாக்டீரியா ஜியோஸ்மின்னு ஒரு பொருளை விடும். முதல் மழைக்கு மண் வாசனை வருதே, அதுல இருக்கறதும் அதே ஜியோஸ்மின்தான், அங்க அதை வேற பாக்டீரியா செய்யுது. ஏரி மீன் வாங்கிட்டு வந்தா சில சமயம் மண்ணு வாடை அடிக்கும் இல்லையா, அதுக்கும் இது ஒரு முக்கியமான காரணம். புளிப்பு பட்டா ஜியோஸ்மின் சிதைஞ்சிடும், நம்ம வீட்ல ஏரி மீனை புளித்தண்ணில அலசறதுக்குப் பின்னாடி அவ்ளோ அர்த்தம் இருக்கு.

எனக்கு பிரவுன் கலர்ல இருக்கு, இன்னொருத்தர் டேங்க்ல கருப்பா முடி மாதிரி இருக்கு, எல்லாம் ஒண்ணுதானா?

இல்லவே இல்ல, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. புது டேங்க் வெச்சு முதல் ரெண்டு மாசத்துக்குள்ள கண்ணாடில தூசி மாதிரி பிரவுனா படிஞ்சா அது டயாட்டம், துடைச்சிட்டு விட்டுடுங்க, டேங்க் செட் ஆனதும் தானா போயிடும். இலை ஓரத்துல கருப்பா தாடி மாதிரி வந்தா அது நிஜ பாசி, சிகப்புப் பாசி வகை, பிடிவாதமான ஆளு, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்கறதால வரும். கண்ணாடில பச்சைப் புள்ளி புள்ளியா கெட்டியா இருந்தா பிளேடு போட்டு சுரண்டிடலாம். தண்ணியே பச்சைப் பட்டாணி தண்ணி மாதிரி ஆச்சுன்னா அது மிதக்கற பாசி. புதுசா போட்ட கட்டை மேல வெள்ளையா ஜெல்லி மாதிரி வந்தா பயப்படாதீங்க, சில வாரத்துல போயிடும், இறால் இருந்தா அதுவே சாப்பிட்டுடும். இந்தப் பக்கம் முழுக்க அந்த வழவழ ஷீட்டைப் பத்தி மட்டும்தான்.

சரி, ஏன் என் டேங்க்ல மட்டும் வருது?

உங்க டேங்க்ல மட்டும் இல்ல, இது எல்லா டேங்க்லயும் கொஞ்சமா இருக்கு, செடியோட வரும், மீன் வாங்கற கவர் தண்ணில வரும். இருக்கறது பிரச்சனை இல்ல, அதுக்கு நீங்க சாதகமா சூழ்நிலை அமைச்சுக் குடுக்கறதுதான் பிரச்சனை. நான் பாத்த வரைக்கும் சென்னை வீடுகள்ல திரும்பத் திரும்ப வர்ற காரணங்களை ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல சூடு. கத்திரி வெயில் நேரத்துல ஏசி இல்லாத ரூம்ல டேங்க் தண்ணி 31, 32 டிகிரின்னு நிக்கும். பாசிங்க பலதும் அந்த சூட்டுல திணறும், சயனோபாக்டீரியாவுக்கு அது கொண்டாட்டம். அதோட தண்ணி சூடானா ஆக்சிஜன் பிடிக்கற சக்தி குறையும், 25 டிகிரில ஒரு லிட்டர்ல சுமார் 8.2 மில்லிகிராம் நிக்கும்னா 32 டிகிரில சுமார் 7.3தான். அடியில கிடக்கற அழுக்கு அதுலயும் பங்கு கேக்கும்.

ரெண்டாவது தேங்கின மூலை. இது வர்ற இடத்தை நல்லா கவனிச்சுப் பாருங்க, ஃபில்டர் தண்ணி பாயற இடத்துல வராது, கட்டைக்குப் பின்னாடி, பெரிய கல்லோட மறைவுல, செடி அடர்த்தியா இருக்கற அடிப்பகுதில, தண்ணி அசையாத இடமா பாத்துதான் வரும். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி டேங்க்ல கிட்டத்தட்ட 56 லிட்டர் பிடிக்கும், அதுக்கு மணிக்கு 250ல இருந்து 350 லிட்டர் தண்ணி சுத்தற ஃபில்டர் வேணும், நிறைய பேர் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் போட்டுட்டு, அதுவும் ஆறு மாசமா கழுவாம வெச்சிருப்பாங்க.

மூணாவது தீனி. வீட்ல நாலு பேர் இருந்தா நாலு பேரும் தனித்தனியா போடறாங்க, அம்மா காலைல, பையன் ஸ்கூல் விட்டு வந்து, அப்பா ஆபீஸ் விட்டு வந்து. மீன் பாவமா பாக்குதேன்னு போடறது. மீன் எப்பவும் அப்படித்தான் பாக்கும். ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை, வாரத்துல ஒரு நாள் பட்டினி, பெரிய மீனுக்கு இது தாராளம். டியூபிஃபெக்ஸ் புழு போடறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், மிச்சம் கல்லுக்குள்ள போயி செத்து அழுகும்.

நாலாவது வெளிச்சம். லைட் அழகா இருக்குன்னு காலைல போட்டா ராத்திரி படுக்கும்போதுதான் ஆஃப் பண்றது. 6ல இருந்து 8 மணி நேரம் போதும், ஒரு டைமர் பிளக் வாங்கி மாட்டிடுங்க, டேங்க்குக்கு நீங்க செய்யற உருப்படியான செலவு அதுதான். இதுல நம்ம ஊருக்கே உள்ள ஒரு விஷயம் இருக்கு, வாஸ்து பாத்து டேங்க்கை ஈசான்ய மூலைல வெப்பாங்க. வடகிழக்கு, அங்க கிழக்குப் பக்கம் ஜன்னல் இருந்தா காலை வெயில் நேரா டேங்க் மேல விழும். மூலையை மாத்துங்கன்னு நான் சொல்லல, அது உங்க வீட்டு நம்பிக்கை, அந்த ஜன்னலுக்கு ஒரு கெட்டி கர்ட்டன் போடுங்க, டேங்க்கோட பின்பக்கம், பக்கவாட்டுல கருப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்க, அதுவே பாதி வேலையை முடிச்சிடும்.

மெட்ரோ தண்ணி, போர் தண்ணி, லாரி தண்ணி, இதுல எது காரணம்?

எதுவும் நேரடி காரணம் இல்ல, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கு. மெட்ரோ தண்ணி சம்ப்புக்கு வரும்போது குளோரின் இருக்கும், நேரா டேங்க்ல ஊத்தினா ஃபில்டர்ல இருந்து மீன் கழிவைச் சுத்தம் பண்ற நல்ல பாக்டீரியா அடி வாங்கும், அது அடி வாங்கினா கெட்டது ஜெயிக்கும். ஒரு நாள் வாளில பிடிச்சு வெச்சு ஏர் ஸ்டோன் போடுங்க, இல்ல குளோரின் போக்கற சொட்டு மருந்து விடுங்க. செம்பரம்பாக்கம், புழல், வீராணம், நெம்மேலின்னு ஏரித் தண்ணியும் கடல்ல இருந்து உப்பு பிரிச்ச தண்ணியும் நம்ம ஊருக்குப் பல பக்கம் இருந்து வருது, அதனால உங்க ஏரியா தண்ணி வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும்னு நம்ப வேண்டாம், தண்ணில கரைஞ்ச உப்பு எவ்ளோன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு கைல இருக்கட்டும்.

போர் தண்ணி உப்பா இருந்தாலும் கப்பி, மோலிக்கு ஓகே. லாரி தண்ணி ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல இருந்து வரலாம், மொத்தமா மாத்தாம கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. ஆர்ஓ மெஷின்ல இருந்து வேஸ்ட்டா வெளிய போற தண்ணியை டேங்க்குக்கு ஊத்தாதீங்க, உப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு. வெயில்ல ஆவியாகி குறையற தண்ணியை ஈடு கட்ட மட்டும் ஆர்ஓவோட நல்ல தண்ணி ஊத்துங்க, ஏன்னா ஆவியாகறது தண்ணி மட்டும்தான், உப்பு டேங்க்லயே தங்கி ஏறிட்டே போகும்.

இன்னொண்ணு, மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடி டேங்க் தண்ணி வெந்நீர் மாதிரி வரும், அந்த நேரத்துல தண்ணி மாத்தவே மாத்தாதீங்க. விடியக்காலைல மாத்துங்க.

அண்ணா, ஒரு சக்கர் மீன் வாங்கி விட்டா தின்னுடாதா? கடைல அப்படித்தான் சொன்னாங்க

தின்னாது. சக்கர் மட்டும் இல்ல, நத்தை, இறால், சியாமீஸ் ஆல்கே ஈட்டர், எதுவும் இந்த வழவழ ஷீட்டை விரும்பித் திங்காது, அதுக்கு இது ருசியும் இல்ல, சில வகைல நச்சும் உண்டு. நீங்க புதுசா ஒரு மீன் விட்டா அதோட கழிவு சேந்து நிலைமை இன்னும் மோசமாகும். அதோட சக்கர் மீன் கைக்குள்ள அடங்கற குட்டியா வாங்கினது ஒரு அடிக்கு மேல வளரும், 2 அடி டேங்க்ல அது என்ன பண்ணும் சொல்லுங்க. வளர்ந்து பெருசானதும் பக்கத்து ஏரில கொண்டு போய் விட்டுடறாங்க, தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க. தென் அமெரிக்கா மீன் அது, நம்ம ஊர் ஏரிகள்ல பெருகி கரையைக் குடைஞ்சு, வலையைக் கிழிச்சு, உள்ளூர் மீனுக்குப் போட்டியா நிக்குது. ஏரில வலை போடற குடும்பங்க வயித்துல அடிக்கற வேலை.

அப்ப எப்படித்தான் எடுக்கறது? ஒழுங்கா சொல்லுங்க

மருந்தே இல்லாம, இருட்டை வெச்சே எடுக்கலாம். நான் சொல்ற வரிசைல செய்யுங்க, நடுவுல ஒண்ணை விட்டுட்டா வேலைக்காகாது.

முதல் நாள் கண்ணுக்குத் தெரியற எல்லாத்தையும் கையால எடுங்க. தண்ணி உறிஞ்சி வெளிய விடற தடிமனான சைஃபன் டியூப் வேணாம், ஏர் பம்ப் டியூப் இருக்குல்ல, அந்த மெல்லிசு டியூபை ஒரு பழைய டூத்பிரஷ்ஷோட ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்க, பிரஷ்ஷால ஒதுக்க ஒதுக்க டியூப் உறிஞ்சிக்கும், தூள் தண்ணில பறக்காது. பறந்தா அது போய் உக்கார்ற இடத்துல எல்லாம் புதுசா ஆரம்பிக்கும். வாய் வெச்சு உறிஞ்சி ஸ்டார்ட் பண்ணாதீங்க, டியூபை தண்ணிக்குள்ள முக்கி நிரப்பி, ஒரு முனையை கட்டை விரலால மூடி வெளிய இறக்குங்க. அப்படியே மூணுல ஒரு பங்குல இருந்து பாதித் தண்ணி வரைக்கும் மாத்திடுங்க. கல்லுக்குள்ள சைஃபனை விட்டு அழுக்கையும் எடுங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சை டேங்க்ல இருந்து எடுத்த தண்ணிலயே பிழிஞ்சு கழுவுங்க, குழாய்ல காட்டாதீங்க.

அப்புறம் லைட் ஆஃப். டேங்க்கை நாலு பக்கமும் கெட்டியான கருப்புத் துணி இல்ல பழைய பெட்ஷீட்டை ரெண்டா மடிச்சு மூடுங்க, மேல மட்டும் காத்து போக லூசா விடுங்க, ஆனா வெளிச்சம் வரக்கூடாது. செடிக்கு கார்பன் டை ஆக்சைடு குடுக்கறவங்க அதை நிறுத்திடுங்க. ஏர் பம்ப் முழு வேகத்துல 24 மணி நேரமும் ஓடணும், இது ரொம்ப முக்கியம், இருட்டுல செடியும் ஆக்சிஜன் எடுக்கும், சாகற ஷீட் அழுகறதுக்கும் ஆக்சிஜன் போகும். மூணு முழு நாள், நல்லா பரவியிருந்தா நாலு நாள். நடுவுல திறந்து எட்டிப் பாக்காதீங்க, ஆவலா இருக்கும்தான், ஆனா பாக்காதீங்க. தீனி வேணாம், ஆரோக்கியமா வளர்ந்த மீன் நாலு நாள் பட்டினி தாங்கும். அன்னிக்குப் பாத்து கரண்ட் கட் ஆகலாம், பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கைல வெச்சுக்கோங்க, இல்லைன்னா இன்வர்ட்டர் லைன்ல மாட்டுங்க.

நாலாவது நாள் திறந்ததும் செத்த ஷீட் சாம்பல் கலர்ல கரைஞ்சு கிடக்கும். அதை உறிஞ்சி எடுத்துட்டு திரும்ப பாதித் தண்ணி மாத்துங்க. இதைச் சோம்பல்ல விட்டவங்கதான் ஒரு வாரத்துல எனக்கு திரும்ப போட்டோ அனுப்பறவங்க. அதுக்கப்புறம் லைட் முதல் ரெண்டு வாரம் 5 மணி நேரம் மட்டும், வாரா வாரம் 25, 30 சதவீதம் தண்ணி, தேங்கற மூலையைப் பாத்து ஃபில்டர் வாயைத் திருப்பி வெக்கறது, கட்டையை ஒரு ரெண்டு இஞ்ச் நகர்த்தறது.

வெயில் காலத்துல இருட்டு போடறவங்க சூட்டையும் பாத்துக்கணும். தண்ணி மேல சாய்வா ஒரு சின்ன ஃபேன் வெச்சா ரெண்டு டிகிரி வரைக்கும் இறங்கும், நம்ம ஊர் புழுக்கத்துக்கு அதுக்கு மேல எதிர்பாக்க முடியாது. பாட்டில்ல தண்ணியை ஃப்ரீஸர்ல வெச்சு மிதக்க விடறதும் செய்யலாம், ஆனா ஒரே நேரத்துல நாலஞ்சு டிகிரி இறக்கிடாதீங்க.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தலாமா?

ரெண்டு மூணு இடத்துல மட்டும் இருந்தா நல்லாவே வேலை செய்யும், கடைசில தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிஞ்சு போயிடும், மிச்சம் எதுவும் தங்காது. ஆனா வெளிநாட்டு வீடியோல சொல்ற அளவு எல்லாம் 3 சதவீத பாட்டிலுக்கு. நம்ம மெடிக்கல் ஷாப்ல பொதுவா கிடைக்கறது 20 வால்யூம்னு போட்டது, அது கிட்டத்தட்ட 6 சதவீதம். லேபிள் பாக்காம அதே அளவு ஊத்தினா டபுள் டோஸ். 100 லிட்டர் தண்ணிக்கு 3 சதவீதம்னா ஒரு நாளைக்கு மொத்தமா 25 எம்எல், 6 சதவீதம்னா 12 எம்எல், அதைத் தாண்டாதீங்க. கண்ணாடி அளவை வெச்சுக் கணக்கு போடாம, கல்லு, கட்டை போக நிஜமா எவ்ளோ தண்ணி இருக்கோ அதுக்குப் போடுங்க.

ஃபில்டரை பத்து நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால ஷீட்டுக்குப் பக்கத்துல கொண்டு போய் மெதுவா விடுங்க, குமிழ் குமிழா வரும், அப்புறம் ஃபில்டரை மறக்காம ஆன் பண்ணுங்க. மூணு நாளைக்கு மேல தொடர்ந்து வேண்டாம். இறால், பாசி மாதிரியான மாஸ் செடி, வாலிஸ்னேரியாங்கற நீள இலைச் செடி இருக்கற டேங்க்ல ரொம்ப குறைச்சு விடுங்க இல்ல விட்டுடுங்க. கையுறை போட்டுக்கோங்க, தோல்ல பட்டா வெள்ளையாகி எரியும்.

எரித்ரோமைசின் மாத்திரை போட்டா ஒரே நாள்ல போயிடுமாமே?

ஒரே நாள்ல இல்லைன்னாலும் சில நாள்ல போகும், உண்மைதான். இது பாக்டீரியாங்கறதால ஆன்டிபயாட்டிக் கேக்கும். அப்படி ஒரு தடவை போட்டவன்தான் நான்.

2017 மே மாசம், 3 அடி டேங்க், நாலு மாசக் குட்டில இருந்து வளர்த்த ஏஞ்சல் மீன் 11. ஒரு கடைல மாத்திரை பட்டையைக் குடுத்து பொடி பண்ணிப் போடுங்கன்னாங்க, போட்டேன். மூணாவது நாள் டேங்க் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். நாலாவது நாள் விடியக்காலைல தண்ணி பால் மாதிரி கலங்கி இருக்கு, மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்குது. 9 போயிடுச்சு. ஜோடி சேர்ந்து முட்டை வெச்சிட்டு இருந்த ரெண்டும் அதுல போச்சு. ரொம்ப நாள் அந்த டேங்க் பக்கமே போக முடியல என்னால.

என்ன நடந்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுக்கிட்டேன். அவ்ளோ ஷீட்டும் ஒரே நேரத்துல செத்து அழுகினா அமோனியா குபுக்குனு ஏறும், ஆக்சிஜன் இறங்கும். ஃபில்டர்ல அமோனியாவைத் தின்ன வேண்டிய நல்ல பாக்டீரியாவும் மாத்திரைல அடிபட்டிருக்கலாம். எங்க வீட்டு போர் தண்ணி பிஹெச் 8 கிட்ட. பிஹெச் 7ல இருக்கும்போது அமோனியால எவ்ளோ பங்கு விஷமா நிக்குமோ அதுல கிட்டத்தட்ட 10 மடங்கு பிஹெச் 8ல நிக்கும், சூடு ஏற ஏற இன்னும் கூடும். மே மாசம், போர் தண்ணி, ஏர் பம்ப் வேற இல்ல, கையால முன்னாடியே ஷீட்டை எடுக்கவும் இல்ல. எல்லாம் சேந்து வந்துச்சு.

அதோட இது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து. அரைகுறை டோஸ்ல தப்பிக்கற பாக்டீரியா மருந்துக்குப் பழகிடும், அந்தத் தண்ணி சாக்கடைல போகும்போது அதுவும் கூடவே போகும், நாளைக்கு நம்ம வீட்டுக் குழந்தைக்கு மருந்து வேலை செய்யாமப் போற விஷயம் இது. அதனால நான் டோஸ் சொல்ல மாட்டேன், எத்தனை பேர் கேட்டாலும். எல்லாம் ஒழுங்கா செஞ்சும் ரெண்டு தடவை இருட்டு போட்டும் போகலைன்னா காரணம் இன்னும் டேங்க்குக்குள்ளயே இருக்குன்னு அர்த்தம், மாத்திரை அதைச் சரி பண்ணாது.

என் டேங்க் ரொம்ப சுத்தம் சார், நைட்ரேட் டெஸ்ட் பண்ணா 0 காட்டுது, அப்பவும் வருதே?

அதனாலதான் வருது. முன்னாடி வயல் கதை சொன்னேன் இல்ல, அது இங்கதான். செடி நிறைய, மீன் கம்மி, லைட் பலமா இருக்கற டேங்க்ல செடி நைட்ரேட் மொத்தத்தையும் குடிச்சிட்டு நின்னுடும், அந்த காலி இடத்துல சயனோபாக்டீரியா நுழையும். செடிக்கு உரமாகற நைட்ரேட் 10ல இருந்து 20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) இருக்கணும், அப்பதான் செடி தெம்பா வளர்ந்து போட்டி போடும். உரக்கடைல 13:0:45ன்னு கேட்டா பொட்டாசியம் நைட்ரேட் குடுப்பாங்க, 100 லிட்டருக்கு 1 கிராம் கரைச்சு விட்டா நைட்ரேட் 6 பிபிஎம் ஏறும். செடி இல்லாத கோல்டு ஃபிஷ் டேங்க்குக்கு இது தேவையே இல்ல, அங்க நைட்ரேட் ஏற்கெனவே எக்கச்சக்கமா இருக்கும், அங்க அழுக்கும் தேங்கலும்தான் காரணம்.

முன்பக்கக் கண்ணாடிக்கும் மண்ணுக்கும் நடுவுல மட்டும் பச்சையா கோடு மாதிரி இருக்கு

பக்கவாட்டுல இருந்து ரூம் வெளிச்சம் மண்ணுக்குள்ள போகுது, அவ்ளோதான். ஒரு பழைய ஏடிஎம் கார்டை உள்ள சொருகி மேல தள்ளி உறிஞ்சி எடுங்க, வெளிய மண்ணு உயரத்துக்கு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிடுங்க. பாக்கவும் நீட்டா இருக்கும்.

குழந்தை கை விடுது, நாய் டேங்க் தண்ணி குடிக்குது, ஆபத்தா?

சில வகைங்க நச்சு விடும், உங்க டேங்க்ல இருக்கறது எதுன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது. அதனால ஷீட் இருக்கற வரைக்கும் நாயைக் குடிக்க விடாதீங்க, குழந்தை கை விட்டா சோப்பு போட்டுக் கழுவுங்க, கைல வெட்டுக்காயம் இருந்தா நீங்களும் கையுறை போடுங்க. வழிச்சு எடுத்ததை மாடித் தோட்டத்துல பூச்செடி மண்ணுல புதைச்சிடலாம், கீரைத் தொட்டில வேணாம்.

பேசாம டேங்க்கை கலைச்சிட்டு புதுசா வெச்சிடவா?

வேணாம்ங்க. மொட்டை மாடி வெயில்ல கல்லைக் காய வெச்சாலும் சில வகைங்க வறட்சியைத் தாங்கற மாதிரி தடிமனான செல் செஞ்சு வெச்சுக்கும், தண்ணி பட்டதும் முழிச்சுக்கும். நீங்க கலைச்சா நிச்சயமா சாகறது பல மாசமா வளர்த்த நல்ல பாக்டீரியாதான். புது டேங்க் இன்னும் பலவீனமா இருக்கும், அதுல முதல்ல குடியேறறது இதுவாத்தான் இருக்கும்.

பத்து நாள் ஊருக்குப் போறோம், பக்கத்து வீட்டு அக்கா தீனி போடறேன்னாங்க, வந்து பாத்தா திரும்ப படர்ந்திருக்குமோன்னு பயமா இருக்கு

டப்பாவைக் குடுத்துட்டுப் போகாதீங்க, அவங்க பாசத்துல ஒரு கை அள்ளிப் போடுவாங்க. மாத்திரை மடிக்கிற மாதிரி சின்னச் சின்ன பொட்டலமா நாலு மடிச்சு, மேல தேதி எழுதி, ரெண்டு நாளுக்கு ஒண்ணுன்னு சொல்லிக் குடுங்க. மீதி டப்பாவை பீரோல வெச்சுப் பூட்டிடுங்க. கிளம்பறதுக்கு மொத நாள் இல்லாம ரெண்டு நாள் முன்னாடியே தண்ணி மாத்தி ஸ்பாஞ்ச் கழுவிடுங்க, ஏதாவது கோளாறுன்னா கிளம்பறதுக்குள்ள தெரிஞ்சிடும். டைமரை 5 மணி நேரத்துக்குக் குறைச்சு வெச்சு, ஜன்னல் கர்ட்டனை இழுத்து விட்டுட்டு, ஏர் பம்ப் ஓடுதான்னு மட்டும் தினமும் ஒரு எட்டு பாத்துடுங்க அக்கான்னு சொல்லிட்டுக் கிளம்புங்க.